டின்னில் மிச்சம் மூன்று

அன்று ரப்பர் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் இருந்தவர்கள் நான்கு பேர். வடக்குச் சுவரில் முதுகைச் சாய்த்துச் சேது; அவன் முன்னால் விளையாட்டுப் பெட்டியின் மூடி மறைப்பாக நின்றது. அவனுக்கு வலப்பக்கம், சன்னலோரப் பெஞ்சில் கங்கா. இடப்பக்கம், கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் லோரி ஓட்டும் கார்த்திகேசு. எதிரே, வாசலைப் பாதிப் பார்த்தபடி கோணலாக, கங்காவின் அண்ணன் அர்ஜுனன். இரண்டு வாரங்களாக அவன் எந்த வாசலுக்கும் முதுகைக் காட்டுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பிள்ளைகள் வராத நாள் என்பதால் தொட்டில் துணிகளை ஆயா உத்தரத்தில் சுருட்டிக் கட்டியிருந்தாள். சேதுவின் மாமன் மகன் ரமணி எண்பத்தைந்தில் கோலாலம்பூரிலிருந்து அனுப்பியது அந்த விளையாட்டுப் பெட்டி. ஆளுக்கொரு வீரனைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, சேது சொல்லும் கதைக்குள் பூதங்களோடும் கொள்ளையரோடும் வாயாலேயே சண்டை போட வேண்டும். வெட்டு விழுந்ததா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். அந்தப் பகடை மூன்றாம் வாரமே பலகை இடுக்கில் விழுந்து தொலைந்தது. அதற்குப் பதிலாக ஒன்று முதல் இருபதுவரை எண் எழுதிய ரப்பர் கொட்டைகள்; ஆட்டக்காரர்களுக்கு ஒரு மைலோ டின், சேதுவுக்குத் தனியாக ஒன்று. எடுத்த கொட்டையைத் திரும்பப் போடுவதில்லை. இருபதும் தீர்ந்த பிறகுதான் டின்னை நிரப்புவார்கள். தோட்டத்தில் பால் எடுக்க ஆளுக்கொரு மர நிரை பிரிக்கும் குலுக்கலில் அப்படித்தான். வேறு மாதிரி செய்யலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இரண்டு வாரம் முன்பு பந்து மைதானத்தில் தொடங்கிய வாய்ச்சண்டை, கோலசிலாங்கூர் பஸ் ஸ்டாண்டில் சைக்கிள் சங்கிலியாக முடிந்திருந்தது. அடித்தது, பக்கத்துத் தோட்டத்து வீரன் என்பவனும் அவன் கூட்டாளிகள் இரண்டு பேரும். அர்ஜுனனின் புருவத்தில் ஏழு தையல். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் பின்கட்டில் உட்கார்ந்து பாராங் கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தான்.

வெள்ளிக்கிழமை கங்கா சேதுவை வழிமறித்தாள். "சேதுண்ணே, வெளையாட்டுல மூணு பேர வுட்டு அண்ணன அடிங்க. நல்லா தோக்கட்டும். ஒத்த ஆளா போனா பொணமாத்தான் வருவோம்னு அதுக்குப் புரியணும்."

சேது நில அலுவலகத்தில் தட்டச்சு செய்பவன். எதையும் வரிசைப்படுத்திப் பார்க்காமல் தொடமாட்டான். சனிக்கிழமை முழுக்க இதிலேயே கிடந்தான். அர்ஜுனன் ஜெயித்தால் பாராங்கோடு கிளம்பிவிடுவான். ஒரேயடியாகத் தோற்றால் சூதென்று மோப்பம் பிடித்து, அந்தக் கோபத்திலும் கிளம்புவான். சண்டை நியாயமாக இருக்க வேண்டும். கடைசி மூச்சில் கைநழுவ வேண்டும். வெட்டு விழப் பன்னிரண்டோ அதற்கு மேலோ வர வேண்டும் என்று வைத்தான். இருபதில் ஒன்பது எண், பாதிக்கும் குறைவு. வெட்டுக்கு ஒருவனாக மூவரையும் சாய்ப்பதற்குள் அர்ஜுனனின் இருபத்து நான்கு உயிர்ப்புள்ளியும் கரைந்துவிடும். கங்காவும் கார்த்திகேசுவும் அக்கரையில்; அவர்கள் எறிவது பட்டாலும் கீறல்தான்.

"பாலத்துல மூணு பேரு நிக்கிறானுங்க," என்று ஆட்டத்தைத் தொடங்கினான் சேது. "முன்னால நிக்கிறவன் கையில சங்கிலி."

அர்ஜுனன் வெட்டவில்லை. "கேடயத்துக்குப் பின்னால குந்திக்கிறேன்."

"ராஜா மாதிரி பேரு எழுதிக்கிட்டு ஆமை மாதிரி குந்துறியே லா!" என்றான் கார்த்திகேசு.

"நீ கல்ல எறி. கங்கா, அம்பு வுடு. கைய நிறுத்தாதீங்க."

சேதுவின் டின் அன்று இரக்கம் காட்டவில்லை. சங்கிலி கேடயத்தைச் சுற்றி இழுத்தது. இரும்புத்தடி தோள்பட்டை எலும்பை நொறுக்கியது. ஈட்டி விலாவில் இறங்கி வளைந்து வெளியே வந்தது. இருபத்து நான்கு பதினைந்தாகி, ஒன்பதாகி, ஐந்தில் நின்றது. கங்கா அம்பை விட்டுக்கொண்டே சேதுவைப் பார்த்தாள், முகத்தில் நிம்மதி. அர்ஜுனனின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. தையல் வலிக்கிறதோ என்று சேது நினைத்தான்.

"இப்ப எழுந்திரிக்கிறேன்," என்றான் அர்ஜுனன். "டின்னுல மிச்சம் மூணு. பதினாலு, பதினேழு, இருபது."

கங்காவும் கார்த்திகேசுவும் எடுத்து முடித்த பதினேழு கொட்டைகளையும் அவன் தன் முழங்காலருகே எண் வாரியாக அடுக்கியிருந்தான். ஒவ்வொரு முறையும் இருபதும் டின்னுக்குள் இருப்பதாகவே வைத்துச் சேது கணித்திருந்தான். வாயைத் திறந்தான். ஆனால் அது அவர்களே வைத்த சட்டம். கார்த்திகேசு அதற்குள் தொடையைத் தட்டிக் கூவத் தொடங்கிவிட்டான்.

கொன்றவன்தான் வெட்டைச் சொல்ல வேண்டும் என்பது வழக்கம்.

"மொத ஆளுக்குத் தாடைக்குக் கீழ. சங்கிலி புடிச்ச கை ஆடுது, தலை தண்ணியில கெடக்கு." அடுத்த கொட்டையை எடுத்தான். "இவனுக்கு வயிறு. கீழேருந்து மேல. கொடல கையில புடிச்சிக்கிட்டு உக்காந்துட்டான்." மூன்றாவதை எடுக்கும்போது குரல் தணிந்தது. "இவன் ஓடறான். முட்டிக்குப் பின்னால ஒண்ணு. வுழுந்து திரும்பிப் பாக்கறான். பச்சச் சட்ட. முன்பல்லு ஒண்ணு இல்ல."

சேது எந்தக் கொள்ளையனுக்கும் சட்டையோ பல்லோ சொல்லியிருக்கவில்லை.

"அண்ணே, போதும்," என்றாள் கங்கா.

"இன்னும் சாவலம்மா."

மூன்றாமவனும் செத்த பிறகு அர்ஜுனன் எழுந்து, சேதுவின் தோளைத் தட்டினான். "நல்ல சண்டைடா. மூணு பேரும் சேந்திருக்கும்போது போவக்கூடாது. காத்திருக்கணும். வியாழக்கெழம காலையில வீரன் ஒத்தையா சுங்கை புரோங் வாய்க்கா மேட்டுல சைக்கிள்ல போறான்." சிரித்தபடி வெளியே போனான். கார்த்திகேசு அவன் பின்னாலேயே ஓடினான்.

"தோக்கடிக்கத்தானே சொன்னேன்," என்றாள் கங்கா.

சேது சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்து, வீரனின் அப்பா, வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் நல்லசாமிக்குக் கடிதம் எழுதினான். முழு விவரத்தையும் எழுதியதைக் கிழித்தான். அதைப் படித்தால் மூன்று பேரும் கத்தியோடு காத்திருப்பார்கள், விழுவது அர்ஜுனனாக இருக்கும். பட்டும் படாமலும் எழுதியதையும் கிழித்தான். மண்டோர் சிரித்துவிட்டு மடிப்பார். போலீசுக்குப் போனால் அர்ஜுனனுக்கு ஜெயில். கடைசியில் நின்றது இவ்வளவுதான்: "ஐயா, வியாழக்கிழமை காலை தங்கள் மகனை வாய்க்கால் மேட்டுப் பக்கம் அனுப்ப வேண்டாம். தனியாகவும் வேண்டாம், கூட்டாளிகளோடும் வேண்டாம். உயிர் சம்பந்தப்பட்டது." பெயரில்லாக் கடிதத்தை எந்த மண்டோரும் நம்பமாட்டார். தன் முழுப்பெயரையும் முகவரியையும் எழுதினான். அர்ஜுனன் காதுக்கு அது எட்டும் என்பதும் தெரியும்.

திங்கள் காலை தபால் நிலையத்தில் உறையின் பசையை நாக்கால் நனைத்து, கட்டைவிரலால் இருமுறை அழுத்தி ஒட்டினான்.

"புதனுக்குள்ள போயிருமாண்ணே?"

"தோட்ட ஆபீசுக்குப் போயிரும். அங்க கணக்கெழுதுற கிராணி எப்பக் கொடுப்பாரோ, அது அவரு பாடு," என்று சொன்ன தபால் ஊழியர் அதை வாங்கிப் பையில் போட்டு, வாயைச் சுருக்கிக் கட்டி, வெளியே நின்ற வேனுக்குள் எறிந்தார். வேனின் பின்கதவு திறந்தே கிடந்தது. ஓட்டுநர் எதிர்க் கடையில் உட்கார்ந்து, இரண்டாவது ரொட்டிச்சானாயைப் பிய்த்துச் சாம்பாரில் தோய்த்துக்கொண்டிருந்தார்.