கம்பிக்கு இட்ட பொட்டு

கல்பகத்தின் கணவர் அம்பிக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம். நின்றுவிட்டால் வாக்கரைப் பிடித்து நடந்துவிடுவார். கட்டிலிலிருந்து எழுவதுதான் பெரும் பாடு. ஒவ்வொரு தடவையும் மனைவியைக் கூப்பிடக் கூச்சப்பட்டு, மனுஷர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். அதைக் கண்டுபிடித்த அன்றே கல்பகம், கட்டிலோரம் பிடித்து எழ அலுமினியத்தில் ஒரு கைப்பிடி, அதுவும் தன் கையாலேயே செய்வதென்று முடிவு கட்டினாள்.

முப்பது வருஷம் பாதுகாப்புத் துறை ஆபீசில் ஃபைல் புரட்டியவளுக்கு, ஓய்வுக்குப் பிறகு பிடித்த பைத்தியம் வெல்டிங். லோத்குண்டா வீட்டில் கார் வெயிலில் காயும். ஷெட்டில் மெஷின் சொகுசாக இருக்கும். இரும்பு எப்படியும் ஒட்டிக்கொள்ளும். அலுமினியமோ மடி பார்க்கிற மாமி. அதற்கென்று தனி பிரஷ், தனித் துணி. எண்ணெய்ப் பசை பட்டால் போச்சு.

ஆயுத பூஜைக்கு முதல் நாளே குழாய்களைத் தேய்த்து, உருக்கி ஊற்றும் கம்பிகளை அசிடோனில் துடைத்து மேஜைமேல் வைத்துவிட்டாள். விஜயதசமி காலையில் ஆரம்பம். எந்த வேலைக்கும் முன்னால் இரண்டு துண்டை ஒட்டி, உடைத்துப் பார்ப்பாள். வைஸ் பிடியில் இறுக்கிச் சுத்தியலால் ஒரு போடு போட்டாள். அப்பளமாக உடைந்தது. உள்ளே ரவா இட்லி மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. மறுபடி ஒட்டினாள், மறுபடி உடைந்தது. வெல்டிங் கேஸ் கொடுத்தவனையும் மெஷினையும் திட்டித் தீர்த்தாள். சாப்பாட்டு நேரத்தில் தட்டை நகர்த்திவிட்டு, தனக்கு இந்த வேலை வராது, இதோடு விட்டுவிடப் போகிறேன் என்றாள்.

அம்பிக்குச் சோறு இறங்கவில்லை.

"கல்பகம், நான்தான். நேத்திக்கு உன் கம்பிக்கெல்லாம் சந்தனம் குங்குமம் இட்டேன். நீ கோவிச்சுப்பியேன்னு கார்த்தால விளக்குத் துணியால தொடச்சு வச்சுட்டேன்."

விளக்குத் துணியாம்! பிழிந்தால் எண்ணெய் சொட்டும். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான்.

"உங்கள யார் இதெல்லாம் பண்ணச் சொன்னா?"

"எனக்காகக் கையச் சுட்டுண்டு நிக்கற. நான் வேற என்ன பண்ணுவேன், சொல்லு."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே இந்த மனுஷர். தப்பை ஒத்துக்கொண்டு, குறை அவள் வேலையில் இல்லை என்று காட்டி, அவளுக்கு அவள் கையையே திருப்பிக் கொடுத்துவிட்டார். மனதுக்குள் அவரைக் கும்பிட்டாள்.

புதுக் கம்பிகளை எடுத்துத் துடைத்து மறுபடி தொடங்கினாள். இந்தத் தடவை துண்டு சுத்தியலால் பத்து அடி வாங்கியது, வளைந்தது, விட்டுக்கொடுக்கவில்லை. கைப்பிடியை ஒட்டி, கட்டிலோரம் பொருத்தி, முதலில் தன் முழுப் பாரத்தையும் அதில் போட்டுத் தொங்கிப் பார்த்தாள். காலையில் உடைந்த துண்டுக்கோ சந்தனமும் குங்குமமும் இட்டுப் பூஜை அலமாரியில் வைத்தாள். அவர் எலும்புக்குப் பதில் உடைந்த துண்டு அல்லவா!

சாயங்காலம் அம்பி கைப்பிடியைப் பற்றினார். தாங்கப் போனவளை, "நக்கோ, வேண்டாம், விடு," என்றார். மெதுவாக, தானே எழுந்து நின்றார்.

அப்புறம் சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்து முடித்து, இன்னொரு சொம்பு கேட்டார்.