முனை கிடைக்காத ஊசி

நல்லூரில் லிங்கசாமிக்கு ஏழரைச் சனி என்று பேச்சு. அதைக் கிளப்பிவிட்டவரே அவர்தான். நாலு தையல் மிஷினை நாற்பதாக்கியபோது எல்லாம் தன் உழைப்பு என்று மார்தட்டிய மனுஷன், கம்பெனி ஆட்டம் கண்டதும் பழியைத் தூக்கிக் கிரகத்தின் தலையில் போட்டார். உழைப்பு பொய்யில்லை. காடுகரையை விற்று மிஷின் வாங்கி, தைத்த துணிக்குத் தானே இஸ்திரி போட்டு மேலே வந்தவர். அதனால்தான் அவர்மேல் இத்தனை ஆத்திரம் வருகிறது.

நடந்தது இரண்டாயிரத்து ஏழில். வெளிநாட்டுக் கைக்குழந்தைகளுக்கான சட்டை. தைக்கும்போது ஊசி உடைந்தால் அத்தனை துண்டையும் தேடியெடுத்து நோட்டில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்தத் துணிக்கட்டு வெளியே போகக் கூடாது. ஊசியைக் கண்டுபிடிக்கும் மிஷின் இல்லாத அந்தக் கம்பெனிக்கு இந்த நோட்டுதான் காவல்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, கடைசிக் கட்டைத் தைக்கும்போது ஊசி உடைந்தது. சூப்பர்வைசர் நாகஜோதி, விருதுநகர்ப் பக்கத்துப் பெண், தரையெல்லாம் காந்தத்தால் துழாவினாள்.

“முனை மட்டும் கிடைக்கல மொதலாளி. இந்தக் கட்டை ஒதுக்கிருவோம்.”

“பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள லாரி கேட்டைத் தாண்டோணும். பொட்டியில போடு.”

“பச்சப்பிள்ளைக போடுற துணி மொதலாளி.”

“எனக்கே சொல்லித் தர்றியா? போடுன்னா போடு.”

பேக்கிங் பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி பழனாயி முழுக்கக் கேட்டாள், வாய் திறக்கவில்லை. பத்து இருபத்தைந்துக்கு லாரி எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பியது. லிங்கசாமிக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, எங்கோ ஒரு குழந்தையின் கழுத்தைக் கிழித்தது அந்த முனை. வெளிநாட்டு ஆர்டர்களைப் பிடித்துத் தரும் பையிங் ஆபீஸிலிருந்து தமிழ்செல்வன் வந்து உட்கார்ந்தார். கம்பெனிக்கு இருந்த ஒரே ஆர்டர் அவர் மூலமாக வருவதுதான்.

“நடந்ததை நடந்தபடி எழுதிக் குடுங்க. உங்க தப்புன்னா உங்க தப்புன்னே எழுதுங்க. பேசி அடுத்த ஆர்டரை வாங்கித் தர்றேன். பொய்யின்னு தெரிஞ்சா அதோட முடிஞ்சுதுங்க.”

“சனி தலைமேல உக்காந்திருக்கறப்ப நான் என்னங்க பண்ண முடியும்?”

“சனிகிட்டக் கையெழுத்து வாங்க முடியாதுங்களே.”

லிங்கசாமிக்கு முகம் சுருங்கியது. ஒரு வரி எழுதினால் நாற்பது மிஷினும் பிழைக்கும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். ‘என் தப்பு’ என்று எழுதத்தான் பேனா நகரவில்லை. ‘சூப்பர்வைசரின் கவனக்குறைவு’ என்று எழுதி, நாகஜோதியைக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

அவள் படித்தாள். அழவில்லை. போய் ஊசி நோட்டை எடுத்துவந்து மேஜையில் விரித்தாள்.

“அன்னைக்கே எழுதிட்டேன் மொதலாளி. முனை கிடைக்கலன்னும், போடச் சொன்னது நீங்கன்னும்.”

தமிழ்செல்வன் கை நீட்டுவதற்குள் லிங்கசாமி பாய்ந்து அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப்பையில் திணித்தார்.

தமிழ்செல்வன் எழுந்துகொண்டார். “எனக்கு இது போதுமுங்க. இனி இங்க ஆர்டர் வராதுங்க.”

அவர் போனதும் லிங்கசாமி நாற்காலியில் சரிந்தார். வாசலில் நின்ற மனைவியிடம், “பாத்தியா பழனாயி, சனி வேலையைக் காட்டிருச்சு” என்றார்.

பழனாயி அவரை வெறித்துப் பார்த்தாள்.

“நோட்டைக் கிழிச்சது உங்க கைதானுங்க. அன்னைக்கு வாயை மூடிட்டு நின்னது நானு. இதுல சனி எங்கீங்க வந்துச்சு?”