நாற்சந்தியில் ஆறு சுற்று

லாத்ரா எந்த வேலைக்குக் கிளம்பினாலும் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வருவார். அரிவாளை மறந்திருப்பார். அதை எடுத்துக்கொண்டு போனவர் தலைத்துணிக்காக இன்னொரு முறை வருவார். நாற்பது வருஷத்தில் அவர் போன கையோடு மனைவி ரிந்தி கதவைச் சாத்தியதே இல்லை. சாத்தினால் மறுபடி யார் திறப்பது?

அவர் இறந்த ஒன்பதாம் நாள் எரியூட்டலுக்கு நல்ல நாளாக அமைந்தது. மூங்கிலும் வண்ணக் காகிதமுமாகக் கட்டிய கோபுரத்தில் உடலை ஏற்றித் தூக்கிப் போகிறவர்கள், நாற்சந்தியில் அதை மூன்று தடவை சுழற்ற வேண்டும். தலை சுற்றிப்போன ஆவிக்கு வீட்டு வழி மறந்துவிடும். பாலித் தீவில் எல்லாருக்கும் மூன்று போதும். ரிந்திக்குத்தான் சந்தேகம்.

காரணம் அவள் இடுப்புக் கச்சைக்குள் இருந்தது. அவரோடு எரிக்க வேண்டிய சாமான்களையெல்லாம் கூடையில் அடுக்கியவள், பித்தளைச் சுண்ணாம்புக் கரண்டகத்தை மட்டும் வைக்கவில்லை. அவருடைய கட்டைவிரல் பட்டுப் பட்டு அதன் மூடியில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அதை நெருப்புக்குக் கொடுக்க மனம் வரவில்லை. ஆனால் சுண்ணாம்பு இல்லாமல் அரை நாள் தாங்காத மனுஷன். இதைத் தேடி வந்து வீட்டிலேயே தங்கிவிட்டால்? அப்புறம் அவருக்கு மேலுலகமும் கிடையாது, மறுபிறப்பும் கிடையாது.

கோபுரம் தூக்குகிறவர்களுக்குத் தலைவன் டோஜா, லாத்ராவின் சித்தப்பா மகன். ரிந்தி அவனைத் தனியே கூப்பிட்டாள்.

"டோஜா, மூணு சுத்து பத்தாது. ஆறா சுத்திடு."

"அண்ணி, ராஜாவுக்கே மூணுதான்."

"எந்த ராஜா அரிவாளை மறந்துட்டுத் திரும்பி வந்தாரு?"

டோஜா சிரித்துவிட்டான். "அது சரி. ஆனா பசங்க காலையிலேருந்து கள்ளுல மெதக்குறானுங்க. தாங்கணுமே."

"இன்னொரு குடம் தர்றேன். தாங்குவானுங்க."

அந்தக் குடத்தில்தான் வினை இருந்தது.

நாற்சந்தியில் வெண்கலத் தட்டுகள் காதைப் பிளக்க, கூட்டம் தண்ணீரை வாரி இறைக்க, இருபது பேரும் கோபுரத்தைச் சுழற்றினார்கள். நாலாவது சுற்றில் முன்னால் இருந்தவன் பின்னால் இருந்தவனைத் திட்டினான். ஐந்தாவதில் ஆளுக்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். ஆறு முடிந்ததும் "ஓடுங்கடா!" என்று டோஜா கத்த, கோபுரம் தள்ளாடியபடி பாய்ந்தது. சுடுகாட்டுப் பக்கம் அல்ல, வந்த வழியே. கோபுரத்தில் கட்டிய நீள வெள்ளைத் துணியைப் பிடித்து முன்னால் நடந்த ரிந்தியின் கையிலிருந்து துணி உருவிக்கொண்டு போயிற்று. அவள் பின்னால் ஓடினாள்.

மூச்சிரைக்க அவள் வந்து சேர்ந்தபோது, கோபுரம் அவள் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது.

வாத்தியம் அடங்கிவிட்டது. டோஜாவுக்குக் குடித்ததெல்லாம் இறங்கிவிட்டது.

"அண்ணி, சத்தியமா சுடுகாட்டுப் பக்கம்னுதான் நெனச்சேன்."

"நீ என்னடா பண்ணுவே. உங்க அண்ணன்தான் கூட்டியாந்திருக்காரு."

அழக் கூடாது. கண்ணீர் சிந்தினால் போகிறவருக்குப் போக முடியாது. கச்சையிலிருந்து கரண்டகத்தை எடுத்து மேலே நீட்டினாள்.

"இந்தாங்க. நான்தான் ஒளிச்சு வெச்சேன். வாங்கிட்டுக் கெளம்புங்க. இனிமே கதவைச் சாத்திடுவேன்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டோஜா ஏறிக் கரண்டகத்தை உடலின் அருகில் வைத்தான். ரிந்தி கதவை இழுத்துச் சாத்தினாள். இந்தத் தடவை நாற்சந்தியில் மூன்றே சுற்று. கோபுரம் ஒழுங்காகச் சுடுகாடு போய்ச் சேர்ந்தது.

அங்கே உடலைக் கோபுரத்திலிருந்து இறக்கிச் சிங்க வடிவப் பெட்டிக்கு மாற்றினார்கள்; அந்தப் பெட்டியோடு லாத்ரா எரிந்து முடிய மாலையாயிற்று. தண்ணீர் ஊற்றி அணைத்த சாம்பலில் எலும்பு பொறுக்கிக்கொண்டிருந்த டோஜா, கரிபிடித்த எதையோ துடைத்து நீட்டினான். மூடியில் பள்ளம் அப்படியே இருந்தது.

"இதையும் சாம்பலோட கடல்ல கரைச்சிடலாமா, அண்ணி?"

ரிந்தி அதை வாங்கினாள். இன்னும் சூடாக இருந்தது.

"வீடு வரைக்கும் வந்து கேட்டு வாங்கிட்டுப் போன மனுஷன். திரும்பவும் மறந்துட்டுப் போயிட்டாரு பாரு."

பள்ளத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். அவள் விரலுக்கு அது பெரிது.

"டோஜா, இப்ப அவரு போயிட்டாருல்ல?"

"போயிட்டாரு, அண்ணி."

"நல்லாத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்."

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். அழுகைக்கு நடுவிலும் அவரைத் திட்டிக்கொண்டேதான் இருந்தாள்.