லேசாக்கிய யெஸ்டி

யாரோ பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்து இழுக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கடலோரத்து ஊரூர் குப்பத்தில் சங்கரா மீன் வாங்கிக்கொண்டு, என் வீட்டுக்காரர் ஹஸனின் பழைய யெஸ்டி பைக்கில் அப்போதுதான் ஏறி உட்கார்ந்திருந்தேன். வண்டி பத்தடிகூட நகரவில்லை. கத்த வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. மீன் பை எங்கே விழுந்ததோ தெரியாது. இரண்டு கையாலும் ஹஸனின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"இன்னா வஜீஹா, நடுரோட்டுல வெளையாட்டு? சும்மா குந்து" என்று சிரிக்கிறார் அந்த மனிதர்!

"டேய், வண்டிய நிறுத்துடா பேமானி!"

மீன் விற்ற அக்காதான் அப்படித் திட்டிக்கொண்டே மீன் வெட்டும் கத்தியோடு ஓடிவந்தார். வண்டி நின்றது. என் காதோரம் கத்தி உரசிக்கொண்டு போனது. துப்பட்டா அறுந்தது, மூச்சு வந்தது. தரையில் உட்கார்ந்து இருமினேன். கழுத்தெல்லாம் மீன் செதில்.

"ஒண்ணும் இல்ல கண்ணு, தண்ணி குடி" என்று அக்கா முதுகைத் தடவிக் கொடுத்தார்.

அப்புறம்தான் வண்டியைத் திரும்பிப் பார்த்தேன். என் துப்பட்டாவின் மீதி பின்சக்கரத்தில் சுருண்டு கிடந்தது. சேலையோ துப்பட்டாவோ உள்ளே போகாமல் தடுக்க அந்த இடத்தில் ஒரு கம்பி கார்டு இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பக்கம் காலைப் போட்டுத்தான் உட்காருகிறேன். அது இல்லை. செயினை மூடியிருந்த இரும்புப் பெட்டியும் இல்லை.

கொஞ்ச காலமாகவே இவருக்கு வண்டியின் எடையைக் குறைக்கும் பைத்தியம். லேசானால் பறக்குமென்று யாரோ ஏத்திவிட்டிருக்கிறார்கள். இரும்பு ரிம்மைக் கழற்றி அலுமினியம், இரும்பு மட்கார்டைக் கழற்றி ஃபைபர். கழற்றியதையெல்லாம் நான் கோதுமை மாவு நிறுக்கும் தராசில் வைத்து, குறைந்ததைக் கிராம் கிராமாகச் சொல்லிப் பெருமையடிப்பார். அந்தத் தராசைத் தேய்த்துத் தேய்த்தே எனக்குக் கை ஓய்ந்தது. இந்தக் கார்டைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

"கார்டு எங்கங்க?"

ஹஸன் முகத்தில் ரத்தமே இல்லை. "கயட்டிட்டேன்" என்றார்.

"எதுக்கு?"

"வெயிட்டு..."

"எவ்ளோ கொறஞ்சுது?"

"செயின் பொட்டியோட சேத்து ரெண்டு கிலோ."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு அழுகை வரவில்லை. அப்படியொரு கோபம்.

"நான் அம்பத்தெட்டு கிலோ. சக்கரம் இன்னும் ரெண்டு சுத்து சுத்தியிருந்தா அதையும் கொறச்சிருப்பீங்க" என்றேன்.

அவர் என் காலைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். நான் காலை விடுவித்துக்கொண்டு, வந்த ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி, தனியாக ஏறி உட்கார்ந்தேன்.