வெட்டில்லாத நாள்

1

இந்தக் கதை என் முதுகுவலியில் பிறந்தது. குழித்துறையில் ஷாஜன் நடத்தும் சீன வைத்தியசாலையில் என் இடது காதில் ஊசி குத்தி உட்கார வைத்திருந்தார்கள். திரைக்கு அப்பால் அவன் எங்கள் ஊர் செல்வதாஸுக்குச் செய்த உபதேசம் வலது காதில் விழுந்தது. ஷாஜன் துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்து, ஆன்லைனில் படித்து, வைத்தியனாக ஊர் திரும்பியவன். வர்மமும் சித்தமும் தெருவுக்குத் தெரு கிடைக்கிற மாவட்டம் இது. உயிரும் சீனாவிலிருந்து இறக்குமதியானால்தான் நம் ஆட்களுக்கு நம்பிக்கை.

"அண்ணாச்சி, ஜிங்ணு ஒரு உயிர்ச்சாரம் உண்டு. அப்பனும் அம்மையும் தந்து விட்டது. கிட்னியிலதான் இருக்கும். கோபம், கவலை, கூடுதல் பேச்சு எல்லாம் அதைக் குடிச்சிரும். அது தீந்தா ஆளும் தீந்தாச்சு."

நல்ல சாப்பாடும் உறக்கமும் அதைக் கொஞ்சம் நிரப்பும் என்றும் ஷாஜன் சொன்னான். அதற்குள் செல்வதாஸ் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தார்.

2

தொடக்கம்: 'திற்பரப்பு அருவியின் சாரல் படும் ரப்பர் தோட்டத்தில், விடியலின் முதல்...' வேண்டாம். அருவி வந்தால் கதையில் எல்லோரும் குளிக்கப் போய்விடுவார்கள்.

வேறு தொடக்கம்: செல்வதாஸ் எழுபதை நெருங்கும் ரப்பர் விவசாயி. பாலுக்காக மரப்பட்டையைத் தினமும் வெட்டினால் பட்டை காய்ந்து பால் நின்றுவிடும், ஒருநாள் வெட்டி ஒருநாள் விட்டால் நெடுங்காலம் சுரக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே ஜிங் தீராமலிருக்கத் தன்னையும் ஒன்றுவிட்ட நாள் வெட்டில் போட்டார். ஒருநாள் பேச்சு, சண்டை, சிரிப்பு, ஜெபம். மறுநாள் ஒன்றும் கிடையாது. மழை பெய்தால், மரத்துக்குப் போலவே, முழு விடுமுறை.

(இது ரொம்ப மிகை என்கிறாள் என் மனைவி. அவளுக்கு ரப்பர்க்காரர்களைத் தெரியாது.)

வெட்டில்லாத நாளில் ஞாயிறு வந்தால் சர்ச்சில் பாட்டுக்கு வாயை மட்டும் அசைப்பார். ஆனால் உடம்பு தேறியது, அதை மறைக்கக் கூடாது. ஷாஜன் அவர் படத்தைக் கடை வாசலில் மாட்டினான்.

3

'பெமிலா கண்ணீரோடு ஜன்னலோரம்...' அடித்துவிட்டேன். செல்வதாஸின் மனைவி அப்படிப்பட்டவள் இல்லை. கல்யாணமான நாள் முதல் அந்த வீட்டுச் சண்டையில் பாதி அவளுடையது. இப்போது வெட்டில்லாத நாளில் சண்டைக்கு இழுக்க மீன்குழம்பில் உப்பை அள்ளிப் போட்டுப் பார்க்கிறாள். அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போகிறார். எழுதும்போது எனக்கே பாவமாக இருந்தது.

4

மகள் ஜினி குடும்பத்தோடு கனடாவுக்குக் குடிபோகிறாள். புறப்படுவது வெட்டில்லாத நாளில். நான் நினைத்திருந்தால் விமானத்தை ஒருநாள் தள்ளிப் போட்டிருக்கலாம். செய்யவில்லை, செல்வதாஸ் மேல் எனக்கு அவ்வளவு எரிச்சல்.

வாசலில் கார் நிற்கிறது. ஜினி அவர் கையை விடவில்லை.

"அப்பா, ஏதாவது பேசுங்கப்பா."

அவர் தலையை மட்டும் ஆட்டுகிறார்.

பெமிலா படியிறங்கி வந்து அவர் முகத்துக்கு நேரே நிற்கிறாள்.

"இஞ்ச பாருங்க. முறிச்சு விக்கப்போற மரத்துக்கு என்ன வெட்டு வெட்டுவிய?"

ரப்பர்க்காரனிடம் இதைக் கேட்டால் தூக்கத்திலும் பதில் வரும்.

"கடும்வெட்டு" என்றுவிட்டார்.

(முறிக்க நாள் குறித்த கிழட்டு மரத்தைத் தினமும், கண்ட இடத்திலெல்லாம் வெட்டிக் கடைசிச் சொட்டுவரை பால் எடுப்பது.)

"பின்ன நீங்களும் நானும் என்ன இளமரமா? யாருக்கு மிச்சம் வைக்கிதிய? பிள்ள அடுத்து வரும்போ நாம நிப்போமா?"

5

முடிவு அ: அவர் பேசத் தொடங்கி நிறுத்தவே இல்லை, ஜினி விமானத்தைத் தவறவிடுகிறாள். டிவி சீரியலுக்கு ஆகும்.

முடிவு ஆ: பேசியதும் மயங்கி விழுகிறார். "நான் அண்ணைக்கே சொன்னேன்லா" என்கிறான் ஷாஜன். அவனுக்கு இலவச விளம்பரம் தர மாட்டேன்.

முடிவு இ: செல்வதாஸ் கார் கதவைப் பிடித்துக்கொண்டு "மக்கா..." என்கிறார். அதற்குப் பின் அவர் சொன்னதை எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்தேன். எல்லாமே நான் பேசுவதுபோல் இருக்கிறது. நீங்களும் எப்போதோ பெட்டியோடு ஒரு வாசலில் நின்றிருப்பீர்கள், ஒருவர் வாய் திறப்பாரா என்று பார்த்தபடி. அன்று அவர் என்ன சொல்லியிருக்க வேண்டுமோ, அதை இங்கே எழுதிக்கொள்ளுங்கள். மிச்சம் வைக்காதீர்கள்.