தகரப் பானை

தங்கையைத் திருடி என்று சொன்னது சனிக்கிழமை சாயங்காலம். அதுவும் வீட்டுக்குள் வைத்துச் சொல்லவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டில், வாட்ச்மேன், மாடிவீட்டுக்காரர்கள், தண்ணீர் கேன் போட வந்தவர் என்று ஒரு கூட்டமே பார்க்க, அவள் பையைக் கவிழ்த்துக் கொட்டி, சீப்பையும் மாத்திரை அட்டையையும் செருப்பு நுனியால் தள்ளித் தள்ளிப் பார்த்திருக்கிறாள் தங்கை வேலை பார்க்கும் வீட்டம்மா. காலையில் எல்லோருமாகக் கடற்கரைக்குப் போயிருந்தபோது, கடலில் இறங்குமுன் கல்யாண மோதிரத்தைக் கழற்றி, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் இவள் கையில்தான் கொடுத்தாளாம். தங்கை வாங்கவேயில்லை என்றாள். திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் போலீஸ் என்று கெடு வேறு.

அக்கா பஸ் ஓட்டுபவள். ஓய்வு நாளில் உலோகம் கண்டுபிடிக்கும் மெஷினைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போய், ஊரார் தொலைத்த நகைகளைத் தேடிக் கொடுப்பது அவளுடைய பைத்தியம். அதில் ஒரு கண்டிப்பு உண்டு. எது கிடைத்தாலும் தொலைத்தவர் கையில் நேரில்தான் கொடுப்பாள். ஒருமுறை கணவனிடம் கொடுத்தனுப்பிய கம்மல் மனைவியிடம் போய்ச் சேரவேயில்லை. அன்றைக்குப் பட்ட சூடு.

ஞாயிறு விடியும்போதே இருவரும் போனார்கள். அவர்கள் துண்டு விரித்திருந்த இடத்தைத் தங்கை காட்டினாள். அக்கா கயிறு கட்டி வரிசை பிரித்து, ஒரு சாண் இடம் விடாமல் நடந்தாள். நாலு அலுமினிய மூடி, ஒரு பித்தளைச் சாவி. மதியம் வரை அவ்வளவுதான். மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த தங்கை மெதுவாகச் சொன்னாள்:

"அக்கா, ஒருவேளை நான்தான் வாங்கி வச்சு மறந்துட்டேனோ?"

அக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரே நாளில் ஒருத்தியைத் தன் கையையே சந்தேகப்பட வைத்துவிட்டார்களே! அந்தக் கோபத்தில்தான் புத்தி வந்தது. தங்கம் தேடுகிறவர்கள் எல்லோரும் செய்வதுபோல, இரும்புக்கும் தகரத்துக்கும் கத்தாதபடி மெஷினை அடக்கி வைத்திருந்தாள். பார்க்குமுன்பே குப்பை என்று முடிவுகட்டும் வேலையை அவளும்தானே செய்திருக்கிறாள்.

அடக்கியதைத் திறந்துவிட்டு, நடந்த வரிசையிலேயே திரும்ப நடந்தாள். காலையில் இரண்டு முறை தாண்டிப்போன இடத்தில் மெஷின் அலறியது. ஒரு சாண் ஆழத்தில், மூடி போட்ட பொம்மைத் தகரப் பானை. அந்த வீட்டுப் பாப்பா சமைத்து விளையாடும் பானை என்று தங்கைக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. உள்ளே மணல், இரண்டு கிளிஞ்சல், மோதிரம்.

போன் போட்டதும் வீட்டம்மா அரைமணியில் வந்தாள். மோதிரத்தை மாட்டிக்கொண்டாள். பானையைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆனது. துண்டு மேல் வைத்திருந்தேன் போலிருக்கிறது என்றாள், யாருக்கோ நடந்ததுபோல. தங்கை பக்கம் திரும்பவேயில்லை.

"சரி, கிடைச்சிருச்சே. நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லுங்க. பாப்பா தேடுது."

"கேட்ல வச்சுத் திருடின்னு சொன்னீங்க," என்றாள் அக்கா. "அதே கேட்ல வந்து இல்லைன்னு சொல்லுங்க."

"இதைப் போய் ஏங்க பெருசு பண்றீங்க? அதான் முடிஞ்சு போச்சே."

பானையைத் தூக்கிப் போட்டுவிடச் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டாள்.

முடிந்துபோயிற்றாம்! யாருக்கு? அதே குடியிருப்பில் தங்கை வேலை பார்க்கும் இன்னும் இரண்டு வீடுகளும் இனி வரவேண்டாம் என்று நேற்றே சொல்லியாயிற்று.

அக்கா பானையைத் தூக்கிப் போடவில்லை. அதைத் தொலைத்தவள் வேறொருத்தி அல்லவா? ஐந்து மணிக்கு, குடியிருப்பே கீழே இறங்கிக் காற்று வாங்கும் நேரத்தில், வரமாட்டேன் என்ற தங்கையைக் கையோடு அழைத்துப் போனாள். வாட்ச்மேன் மறித்தார். பாப்பாவின் பொருள், பாப்பா கையில்தான் தருவேன் என்று நின்றாள். அதற்குள் பாப்பாவே ஓடிவந்து தங்கையின் காலைக் கட்டிக்கொண்டது. பின்னாலேயே வீட்டம்மாவும் விறுவிறுவென்று வந்தாள்.

அக்கா குனிந்து பானையைக் கொடுத்தாள். பாப்பா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, கேட்டுக்கு வெளியிலும் கேட்கும் குரலில் கேட்டது:

"அம்மா மோதிரத்தைப் போட்டு நான் சமைச்சு வச்சேனே, அதை யாரு எடுத்தா?"

"உங்கம்மாகிட்டயே கேளு, கண்ணு," என்றாள் அக்கா.

பாப்பா திரும்பியது. வாட்ச்மேனும் மாடிவீட்டுக்காரர்களும் திரும்பினார்கள். வீட்டம்மா மோதிரக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.