பதினேழு அடி குறைந்த தெரு

ஆஸ்பத்திரித் தெரு பதினேழு அடி குறைந்துபோனதற்குச் சங்கிலி காரணம் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அந்த ஊரில் நில அளவையர் குடும்பத்தைப் பற்றிப் பிறகு பலரும் பலவிதமாகப் பேசினார்கள். சங்கிலி நல்ல இரும்பு. நூறு கண்ணி, அறுபத்தாறு அடி. ஆண்டுக்கு இருமுறை அலுவலக முற்றத்தில் பதித்திருந்த இரண்டு பித்தளை ஆணிகளுக்கு நடுவே இழுத்துச் சரிபார்க்கப்பட்டது. குறைந்தது தெருதான். அதற்காக ஒரு வீடும் காணாமல் போகவில்லை, ஒரு ஜன்னலும் நெளியவில்லை. நாற்பத்தொரு கதவுகளும் பழைய வரிசையிலேயே இருந்தன. ஆனால் தெருவின் மேலே ஓடிய மின்கம்பிகள் மட்டும் தளர்ந்து, துணி உலர்த்தும் கொடியைப் போலத் தொங்கின. மின்சார ஆபீஸ்காரர் இரண்டு முறை வந்து இழுத்துக் கட்டினார். மூன்றாம் முறை கம்பத்தின் மேலிருந்தபடியே, "கம்பி நீளலப்பா, கம்பம்தான் கிட்ட கிட்ட வருது" என்றார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஊரின் வரைபடத்தை வரைந்தவர் அந்தக் குடும்பத்தின் பாட்டனார். நகராட்சி மண்டபத்தில் அது கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது; கீழ் மூலையில் அவருடைய கையெழுத்து. ஒரு தெருவை அவர் மூன்று முறை அளப்பார். மூன்றும் ஒத்துவராவிட்டால் நான்காம் முறை அளக்கமாட்டார். வீட்டுக்குப் போய்ப் படுத்து, மறுநாள் முதலிலிருந்து தொடங்குவார். அளந்து பேசு என்பது மற்ற வீடுகளில் பழமொழி, அந்த வீட்டில் கட்டளை. அவருக்குப் பின் மகனும், மகனுக்குப் பின் பேரன்கள் இருவரும் அதே சங்கிலியை இழுத்தார்கள். மூத்தவர் முன்முனையைப் பிடித்து அளவைப் புத்தகத்தில் எழுதுவார். இளையவர் பின்முனையைப் பிடிப்பார். முப்பத்திரண்டு வயதான அவரிடம் வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது, ஒன்றைத் தவிர. யாராவது வழி கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது, கூடவே போய்விடுவார். மருத்துவமனைக்கு வழி கேட்டால் மருத்துவமனை வாசல் வரைக்கும், நீதிமன்றத்துக்கு என்றால் படிக்கட்டு வரைக்கும். சங்கிலி நடுத்தெருவில் கிடக்கும். முன்முனையில் மூத்தவர் பேனாவோடு நிற்பார். பின்முனையில் ஆள் இருக்காது. ஊரில் அவருக்குக் 'கூடவர்றவர்' என்று பெயர் விழுந்தது. குடும்பத்தில் யாருக்கும் அதற்கு முன்பு பட்டப்பெயர் இருந்ததில்லை.

தெருவுக்குப் புதிதாகக் குடிநீர்க் குழாய் பதிக்க வந்தபோதுதான் விஷயம் வெளியே தெரிந்தது. பாட்டனாரின் வரைபடத்தைப் பார்த்து எழுநூற்று நாற்பத்திரண்டு அடிக்குக் குழாய் வெட்டி வந்திருந்தார்கள். கடைசிக் குழாய் மருத்துவமனை வாசலைத் தாண்டி, காவலாளியின் நாற்காலியை இடித்துக்கொண்டு நின்றது. நகராட்சிப் பொறியாளர் மூத்தவரைக் கூப்பிட்டு அனுப்பினார். "ஏன் சர்வேயர், உங்க தாத்தா அளக்குறப்போ ரெண்டு எட்டு கூடப் போட்டுட்டாரா?" என்று கேட்டார். பள்ளம் தோண்டிய இருவர் சிரித்தார்கள். மூத்தவர் சங்கிலியைப் போட்டு மூன்று முறை அளந்தார். மூன்று முறையும் எழுநூற்று இருபத்தைந்து. பாட்டனார் தவறாக அளந்தார் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது வேறு காரணம் காட்ட வேண்டும் என்று கடிதம் வந்தது. ஆறு மாதம் அவகாசம். ஒப்புக்கொண்டால் வரைபடம் சுவரிலிருந்து இறங்கும்.

மூத்தவர் பத்து நாள் ஊரையே அளந்தார். பேருந்து நிலையத் தெருவில் ஒன்பது அடியும் நீதிமன்றத் தெருவில் நான்கு அடியும் குறைந்திருந்தன. யாரும் வழி கேட்கத் தேவையில்லாத கடைத்தெரு வரைபடத்தில் உள்ளபடியே இருந்தது. அளவைப் புத்தகத்தை மேசையில் விரித்து வைத்து அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது, காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, இதுக்கா பத்து நாளு? தம்பி எந்தத் தெருவுல எல்லாம் கூட நடந்தாரோ, அந்தத் தெருவாப் பாத்துக் குறைஞ்சிருக்கு."

மூத்தவருக்கு அது மூன்றாம் நாளே தெரியும். பிறர் வாயால் கேட்பதுதான் கஷ்டமாக இருந்தது. அன்று மாலை தம்பியைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"இனிமே யாராவது வழி கேட்டா கையைக் காட்டு. காலை எடுக்காத."

"கையைக் காட்டினா அவங்க மூஞ்சி அப்படியே இருக்குண்ணே. கூடப் போனா பாதி வழியிலயே மாறிடும்."

"மூஞ்சியை அளக்குறது நம்ம வேலை இல்லடா. தாத்தா பேரு சுவத்துல தொங்குது. அது இறங்கணுமா, சொல்லு."

இளையவர் அண்ணன் பேச்சைத் தட்டியவர் அல்ல. மறுநாளிலிருந்து கையை மட்டும் காட்டினார். கேட்டவர்கள் நடந்துபோய், இரண்டு முறையாவது திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் நீட்டிய கையை அவர்கள் மறையும்வரை மடக்கவில்லை. தோளில் வலி வந்து, அண்ணி எண்ணெய் தேய்த்துவிட வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரித் தெரு வாரம் ஓரடி, ஒன்றரை அடி என்று நீளத் தொடங்கியது. மூன்றாம் மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை சரியாக எழுநூற்று நாற்பத்திரண்டு அடி வந்தது. மூத்தவர் மூன்று முறை அளந்தார். மதியம் வீட்டுக்கு வந்து இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வெள்ளிக்கிழமை பொறியாளரை அழைத்துக் காட்டலாம் என்று இருந்தார். வெள்ளிக்கிழமை எழுநூற்று நாற்பத்தாறு.

தெரு நிற்கவில்லை. எழுநூற்று ஐம்பத்தைந்து ஆனது, எழுபத்தொன்று ஆனது. மின்கம்பிகள் விறைத்துக் காற்றில் முனகின, ஒன்று அறுந்தது. பார்வையாளர் நேரத்துக்கு முன்பே கிளம்பியவர்கள்கூட மணியடித்து வாசல் மூடிய பிறகு வந்து சேர்ந்தார்கள். மருத்துவமனைச் செவிலியர்கள் மூச்சு வாங்கியபடி வேலைக்கு வந்து, கேட்டவர்களுக்கெல்லாம் எரிந்து விழுந்தார்கள். முன்பு தாத்தா கூட்டி அளந்தார் என்று சிரித்தவர்கள் இப்போது குறைத்து அளந்தார் என்று சிரித்தார்கள்.

"தம்பி காலைக் கட்டிப் போட்டுட்டுத் தெருவுக்கு வைத்தியம் பாக்குறீங்க" என்றார் மனைவி. "ஒரு நாளைக்கு அந்த ஆஸ்பத்திரிக்குத் தனியா நடந்து பாருங்க. எவ்வளவு தூரம்னு தெரியும்."

"நான் அளக்காத தூரமா?" என்று மூத்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு, அளவைப் புத்தகத்தோடு கிளம்பினார். கடிதத்துக்குப் பதில் எழுத இன்னும் ஒரே நாள்தான் இருந்தது.

தெருமுனையில் ஒரு பெண்மணி நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒரு கையில் வெந்நீர்க் குடுவை, மறு கையில் மடித்த போர்வை. ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்டார். மூத்தவர் கையை நீட்டி, "நேரா எழுநூத்து எழுபத்தாறு அடி. இடது பக்கம் வாசல்" என்றார். அந்தப் பெண்மணி தலையாட்டிவிட்டு நாலு எட்டு வைத்தார், திரும்பி வந்தார், மறுபடியும் கேட்டார். மூத்தவர் மறுபடியும் சொன்னார், இம்முறை அங்குலத்தோடு. மூன்றாம் முறையும் அவர் கேட்டபோது மூத்தவர் நிமிர்ந்து பார்த்தார். அங்கிருந்தே மருத்துவமனைக் கட்டடம் தெரிந்தது. மூன்று மாடி, வெள்ளைச் சுவர், பெரிய எழுத்தில் பெயர்ப்பலகை. கேட்டவருக்கும் அது நன்றாகத் தெரிந்தது.

மூத்தவர் அளவைப் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். போர்வையை வாங்கிக்கொண்டார். "வாங்கம்மா" என்றார்.

உள்ளே படுத்திருந்தவர் அந்தப் பெண்மணியின் கணவர். அன்று காலை அறுவை சிகிச்சை. அதைப் பற்றி அந்தப் பெண்மணி ஒரு சொல்லும் பேசவில்லை. வீட்டில் பூனை நான்கு குட்டி போட்டது, அதில் ஒன்று கணவரின் செருப்புக்குள்தான் தூங்கும், வேறெங்கும் தூங்காது என்று சொல்லிக்கொண்டே வந்தார். பாதித் தெருவில் மூத்தவரை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"என்ன சார், முணுமுணுன்னு எண்ணிக்கிட்டே வர்றீங்க?"

"காலடிம்மா. பழக்கம்."

"எண்ணாம ஒரு தடவை நடந்து பாருங்களேன். தெரு எங்கயும் ஓடிடாது."

மூத்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எண்ணிக்கை விட்டுப்போயிற்று, சங்கிலி பிடித்த இருபது ஆண்டுகளில் அதுதான் முதல் தடவை. வாசலில் போர்வையைக் கொடுத்தபோது அந்தப் பெண்மணியின் முகத்தைப் பார்த்தார். தம்பி சொன்ன மாற்றம் இருந்தது. அது எத்தனை அடியில் நிகழ்ந்தது என்பதுதான் தெரியவில்லை. வீட்டுக்கு ஆளனுப்பித் தம்பியையும் சங்கிலியையும் வரவழைத்து, அங்கேயே தெருவை அளந்தார். எழுநூற்று எழுபத்தைந்து. ஓரடி குறைந்திருந்தது.

இளையவர் பின்முனையைப் பிடித்தபடி அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது ஒரு முதியவர் மருந்துச் சீட்டை நீட்டி மருந்துக்கடை எங்கே என்று கேட்க, இளையவர் வழக்கம்போல் கையை உயர்த்தினார். "கையை இறக்குடா" என்றார் மூத்தவர். "பெரியவரைக் கூட்டிட்டுப் போ. சங்கிலியை நான் பாத்துக்குறேன்."

நகராட்சி மண்டபத்து வரைபடத்தை மறுநாள் மூத்தவரே ஏணி வைத்து இறக்கினார். வேறொருவர் கை அதில் படக்கூடாது என்பதற்காக. பிறகு பொறியாளரின் மேசையில் பதிலை வைத்தார். அதில் நான்கே வரிகள் இருந்தன. பாட்டனார் அளந்தது சரி. சங்கிலி சரி. தெரு குறைந்தது உண்மை, இனியும் குறையும். காரணம் என்ற கட்டத்தில், எங்கள் குடும்பம் என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். பொறியாளர் அதை இரண்டு முறை வாசித்தார். சிரிக்கவில்லை. முத்திரை குத்திக் கோப்பில் சேர்த்துக்கொண்டார். புது வரைபடத்தை அண்ணனும் தம்பியும் சேர்ந்து வரைந்தார்கள். தெருக்களின் நீளத்தை மட்டும் பென்சிலால் எழுதி, கீழே சிறிய எழுத்தில் ஒரு குறிப்புச் சேர்த்தார்கள்: இந்த அளவுகள் இவ்வாண்டுக்கு மட்டும்.